ஷில்பாவின் ஏழு பில்லைகள்

தசரதனின் கைகள் ஒரு டால்டா டப்பாவை வெட்டி விரித்திருந்தன. வட்டம் கீறின, கத்தரித்தன, விளிம்பை அரத்தால் ராவின. விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடியும் ராவின. குழந்தை தொடப்போகிற பொருள், பிசிர் இருக்கக்கூடாது. ஏழு வட்டங்கள் ஆனதும் ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டு, பெயின்டில் படம் வரைந்தன: பிரஷ், பக்கெட், சீருடை, சீப்பு, இட்லி, டிபன் பாக்ஸ், செருப்பு.

"இட்லி இன்னாங்க நெலா மாதிரி கீது?" என்றாள் மனைவி தாயம்மா.

"நெலாவத் துன்னுட்டே பள்ளிக்கூடம் போவட்டும்" என்றார் தசரதன்.

தசரதன் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்க வாசலில் பில்லை கொடுப்பவர். பத்தொன்பது வருடமாக அதே ஜன்னல். கீழே இறங்குகிறவன் தன் நம்பர் பொறித்த பித்தளைப் பில்லையை வாங்கிக்கொண்டு, ஆட்களை உள்ளே இறக்கும் கூண்டான கேஜில் ஏறுவான். ஷிப்ட் முடிந்து வந்து திருப்பிக் கொடுத்தால் அது பலகையில் அதன் ஆணிக்குப் போகும். ஆணி காலியாக இருந்தால் ஓர் ஆள் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று கணக்கு.

மகள் ஷில்பாவுக்கு எட்டு வயது. பதினாறாம் வாய்ப்பாட்டைக் கடைசியிலிருந்து சொல்வாள். காலையில் பிரஷைப் பிடித்தபடி குழாயடியில் அரை மணி நேரம் நிற்பாள். ஆட்டிசம் என்று வேலூரில் சொல்லியிருந்தார்கள். பள்ளியில் ரத்தினம்மா டீச்சர் பளிச்சென்று சொல்லிவிட்டார்: பாடத்தில் குறையில்லை, ஆனால் தினமும் இரண்டாம் பீரியடுக்குத்தான் வருகிறாள். ஜூனில் முதல் மணிக்கு வந்தால் மூன்றாம் வகுப்பில் இடம் உண்டு. இல்லையென்றால் வேறு பள்ளி பாருங்கள்.

அது தொண்ணூற்றொன்பதின் கோடை. இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மம்தா என்ற பெண், சனிக்கிழமைதோறும் பங்காருபேட்டையில் ரயில் மாறி வந்தாள்.

"அவளுக்குத் தெரியாம இல்ல சார். எதுல தொடங்கணும், அடுத்தது என்ன, எங்க நிறுத்தணும்னு மனசுக்குள்ள வரிசையா வச்சுக்கறதுதான் கஷ்டம். அந்த வரிசைய வெளிய, கண்ணுக்கு முன்னால வச்சா என்ன ஆகுதுன்னு எட்டு வீட்டுல பாத்துட்டிருக்கேன். வீட்டுக்கு வீடு வேற மாதிரி ஒத்துவருது."

தசரதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நம்ம டிபார்ட்மென்ட் மேடம்."

அப்படி உருவானதுதான் அந்தப் பலகை. ஏழு ஆணிகள், கீழே ஒரு டப்பாவில் ஏழு பில்லைகள். ஒரு வேலை முடிந்தால் ஒரு பில்லையை மாட்ட வேண்டும். திங்கட்கிழமை காலை ஷில்பா ஒரே நிமிடத்தில் ஏழையும் வரிசையாக மாட்டிவிட்டுச் சிரித்தபடி நின்றாள். பல் துலக்கவில்லை. செவ்வாயன்று இன்னும் சீக்கிரம் மாட்டினாள்.

"ஏழு பேரும் மேல வந்துட்டாங்க. கொயந்த மட்டும் கீயவே கீது" என்றாள் தாயம்மா.

சுரங்க ஜன்னலில் தசரதன் இதைச் சொல்லக் கேட்ட கொர்னேலியஸ், இருபது வருடமாகக் கீழே கல் துளைக்கிறவர், விழுந்து விழுந்து சிரித்தார்.

"அண்ணே, நீ ஒரு தபாவாவது கேஜ்ல எறங்கிக்கிறியா?"

"எனக்குத் தல சுத்தும்பா."

"அதான்! உனக்குத் தெரிஞ்சது ஆணியும் பலகையும். எட்டு மணி நேரம் அந்தப் பில்ல எங்க கீது? எங்கூடக் கல்லாண்ட கீது. வேல முடிஞ்சாத்தான் உங்கிட்ட வரும். நீ இன்னாடான்னா எல்லாத்தையும் ஜன்னலாண்டயே வச்சிக்கினு கொயந்தயக் கொற சொல்ற."

அன்று மாலையே பில்லைகள் இடம் மாறின. வேலை முடிந்த பிறகுதான் ஒவ்வொன்றும் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று தசரதன் வீடு முழுக்க அலைந்தார். சீருடைப் பில்லை சட்டைப் பைக்குள் போனது. இட்லிப் பில்லை தட்டில் இட்லிக்கு அடியில் போனது. குளிக்கிற பில்லையைப் பக்கெட் தண்ணீருக்குள் போட்டார். மறுநாள் ஷில்பா பக்கெட்டைக் கவிழ்த்துப் பில்லையை எடுத்துவிட்டாள், குளித்தது தரைதான். அதன் பிறகு அது துண்டின் மடிப்புக்குள் குடியேறியது.

எல்லோரையும்விடக் கஷ்டமான வேலை தாயம்மாவுக்கு. அடுத்து என்ன என்று வாயைத் திறக்கக்கூடாது, பலகையைக் கைகாட்டினால் போதும் என்று மம்தா சொல்லியிருந்தாள். தாயம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். முதல் வாரம் ஐம்பது நிமிடம் ஆனது. மே கடைசியில் முப்பத்தைந்தே நிமிடம்.

ஜூன் முதல் தேதி, மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஷில்பா வகுப்பு வாசலில் நின்றாள். ரத்தினம்மா டீச்சர் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

சாயங்காலம் தசரதனைக் கூப்பிட்டு அனுப்பினார். "பேரு ரிஜிஸ்டர்ல ஏறிடுச்சுங்க. ஆனா உக்காந்தவ பையத் தெறக்கல. எங்க வகுப்புக்கும் ஒரு பலகை செஞ்சு தர்றீங்களா? எந்த வியாதியும் இல்லாம பையத் தெறக்காததுங்க இன்னும் நாலு கீது."

"உள்ள வந்ததும் இன்னா இன்னா செய்யணும்? வரிசையாச் சொல்லுங்க டீச்சர்."

அவர் சொல்லச் சொல்லத் தசரதன் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டார். மூன்று இரவு ராவினார். வெள்ளிக்கிழமை காலை, ஷிப்டுக்குப் போகிற வழியில், ஐந்து ஆணிகள் அடித்த பலகையைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போனார்.

"பில்லைய உங்க மேசையில வச்சிக்காதீங்க டீச்சர், அந்தந்த வேலையாண்ட வைங்க" என்று சொல்லி, பலகையை அவருடைய இரண்டு கைகளிலும் வைத்தார்.