ஆர்லனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது

என் புருஷன் ஆர்லனுக்கு ஒழுங்காக ஓடுகிற மெஷினைக் கண்டால் ஆகாது. கெட்டுப்போனால் கொண்டாட்டம், நன்றாக ஓடினால்தான் கை அரிக்கும். பகலெல்லாம் டுலூத் துறைமுகத்தில் மின்பழுது பார்த்துவிட்டு வருவான், கோட்டைக்கூடக் கழற்றாமல் பேஸ்மென்ட்டுக்கு இறங்கிவிடுவான். அங்கேதான் அவனுடைய சர்வர்.

வீட்டுப் போட்டோ, படம், பாட்டு எல்லாம் அதில்தான். எந்த அறையிலிருந்தும் போனில் எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை ஒரு இடத்தில் ஒரு மாதிரி இருக்க அவன் விட்டால்தானே! முதலில் ஒரு பழைய மேசைக் கம்ப்யூட்டர். பிறகு ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்ட தட்டையான இரும்புப் பெட்டி. அதன் விசிறி இரைச்சலில் மாடியில் டிவி கேட்காது. குளிர்காலத்துக்கு ஹீட்டர் செலவு மிச்சம் என்றான், வெட்கமே இல்லாமல். அப்புறம் அது கரண்டைத் தின்கிறதாம். சத்தம் போடாத சின்னப் பெட்டி ஒன்றைத் தேட ஆரம்பித்தான். தட்டில் நான் இறைச்சி போட்டுச் சுட்டுவைத்த ஹாட்டிஷ் ஆறிக்கொண்டிருக்கும், இவன் எத்தனை டிஸ்க் போடலாம், எவ்வளவு மெமரி என்று போனில் படித்துக்கொண்டிருப்பான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் தம்பி வெண்டலின் குரல் அந்தப் பெட்டிக்குள் போன பிறகுதான் என் நிம்மதி போயிற்று.

வெண்டல் ஹாக்கி அரங்கில் மைக் பிடிக்கிறவன். கோல் போட்ட பையனின் பெயரை அவன் இழுத்துச் சொல்கிற அழகைக் கேட்கவே ஆட்கள் வருவார்கள். அவனுக்குத் தசைகளை ஒவ்வொன்றாக முடக்குகிற நரம்பு நோய் வந்தது. பேச்சும் போய்விடும் என்றார் டாக்டர். அதற்குமுன் நிறைய வாக்கியங்களைப் பேசிப் பதிவுசெய்து ஒரு கம்பெனிக்கு அனுப்பினால், பிற்பாடு அவன் எழுதுவதை அவன் குரலிலேயே கம்ப்யூட்டர் பேசுமாம். வெண்டல் எங்கள் வீட்டில் தங்கி, மூச்சு வாங்க வாங்கப் பேசினான். பதிவெல்லாம் நேராகப் பேஸ்மென்ட்டுக்குப் போனது. எல்லாம் முடிந்ததும் மொத்தமாக அனுப்பலாம் என்றிருந்தோம்.

இணையத்திலும் ஒரு நகல் வை என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். ஆர்லன் கேட்கவில்லை.

"அது எவனோட கம்ப்யூட்டரோ, மார்லா. நம்ம வீட்டுல, நம்ம கண்ணு முன்னாடி இருக்கிறதைவிடப் பத்திரம் எங்க இருக்கு?"

வெண்டல் முடிக்கிறவரைக்கும் எதையும் மாற்றாதே என்றாவது கேட்டேன். சரி என்றான். சின்னப் பெட்டி பார்சலில் வந்து இறங்கியதும் அந்தச் சரி காற்றில் போயிற்று.

பழையதில் இருப்பதைப் புதியதில் அப்படியே கொண்டுவர ஒரு கட்டளை இருக்கிறது. எதிலிருந்து, எதற்கு என்று இரண்டு பெயர் கொடுக்க வேண்டும். முதலாவதில் இல்லாதது எதுவும் இரண்டாவதில் மிஞ்சாது. ஆர்லன் அவசரத்தில் பெயர்களை முன்பின்னாக மாற்றித் தட்டிவிட்டான். காலிப் பெட்டியைப் பார்த்து நிறைந்த பெட்டி தன்னைத் துடைத்துக்கொண்டது. நகலுக்கென்று வைத்திருந்த டிஸ்க்கையோ, இவன் முன்னமே அழித்துப் புதுப் பெட்டிக்குள் மாட்டியிருந்தான். அவ்வளவு கெட்டிக்காரன்!

படியேறி வந்தவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். மீட்டுத் தருகிறவர்களிடம் டிஸ்க்கை அனுப்பினோம். உருப்படியாக எதுவும் தேறவில்லை.

அதற்குள் வெண்டலுக்கு நாக்குத் தடித்துவிட்டது. ஆனாலும் முதலிலிருந்து மறுபடி பேச உட்கார்ந்தான்.

"விடு மார்லா, மெஷினும் ரெண்டு பீர் போட்டவன் மாதிரிப் பேசட்டும்" என்று குழறினான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. இந்தத் தடவை அன்றன்று பதிவானதை அன்றன்றே நானே அனுப்பிவிட்டேன்.

ஆர்லனால் வெண்டலின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாசலில் வாரிய பனியையே திரும்ப வாருவான். வெண்டலின் அறைக்குள் வருவான், எரிகிற பல்பைக் கழற்றி மாட்டுவான், கட்டிலை நகர்த்துவான், போய்விடுவான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பான். திருப்புளியைத் தேடிக்கொண்டு வெளியே ஓடுவான்.

குரல் தயாராகி வந்தபோது வெண்டலுக்குச் சொந்தப் பேச்சு அறவே நின்றிருந்தது. திரையிலுள்ள எழுத்துகளைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினான்; அவன் பார்க்கிற எழுத்தை மெஷின் பிடித்துக்கொள்ளும். ஆர்லன் கட்டிலுக்குப் பின்னால் குனிந்து, நன்றாகவே இருந்த வயரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது மெஷின் பேசியது. குழறல்தான், ஆனால் என் தம்பியின் குரல்.

"ஆர்லன், எதையும் தொடாம இங்க வந்து உக்காரு."

ஆர்லன் வந்து உட்கார்ந்தான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். வெண்டல் அடுத்த வாக்கியத்தை எழுத்தெழுத்தாகத் தேடி முடிக்கிறவரை அவன் எழுந்திருக்கவே இல்லை.