மாடியில் வைத்த மீன்

ஆய்வுக்கூடத்தில் அவளை எலியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருஷமாக எலிகளுக்குத் தீனி போட்டு, கூண்டு கழுவி, எடை பார்ப்பவளுக்கு வேறு என்ன பெயர் கிடைக்கும்? அவள் கணவர் பட்டப்பெயர் விஷயத்தில் அதற்கும் மேல். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் சாப்பாட்டு ராமன். கதவு ஜன்னல் செய்யும் தச்சர். மீன் வறுக்கும் வாசனை வந்தால் உளியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து நிற்பார்.

அந்த மனிதர் இரண்டு மாதமாகப் பட்டறைப் பக்கமே போகவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயசானால் சோம்பல் வரத்தான் செய்யும் என்று நாத்தனார் சொல்லிவிட்டுப் போனாள். எலியம்மாவும் அதை நம்பிக்கொண்டிருந்தாள், அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

அன்று ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை. கூண்டிலுள்ள கம்பியை ஐந்து தடவை அழுத்தினால் இனிப்பு உருண்டை விழும். சப்பென்ற தீனி தரையில் சும்மாவே கிடக்கும். இனிப்புக்காக மாங்கு மாங்கென்று கம்பியை அழுத்திய எலி, மூளையில் ஊக்கம் தரும் டோபமைன் என்ற ரசாயனத்தைத் தடுக்கும் ஊசி போட்டதும் அந்தப் பக்கமே திரும்பவில்லை. தரையில் கிடந்ததைக் கொறித்தது. இனிப்பை வாயருகே நீட்டினால் மட்டும் ஆசையாகத் தின்றது. ருசி போகவில்லை, அதற்காகப் பாடுபடும் மனசுதான் போய்விட்டது என்றார் ஆராய்ச்சி செய்யும் அம்மா. எலியம்மாவுக்குக் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கும் கணவர் நினைவு வந்தது.

மறுநாள் மத்தியானம் மீன் வறுத்து மாடியில் வைத்தாள். கட்டிலருகே காய்ந்த ரொட்டி.

"மாடியில மீன் இருக்கு. போய்ச் சாப்பிடுங்க."

பதினோரு படிதான். அவர் "ம்" என்றார். ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். அவளே ஓடிப்போய் ஒரு துண்டு எடுத்துவந்து ஊட்டினாள்.

"நல்லா இருக்குடி" என்று கண்ணை மூடி மென்றார். அடுத்த துண்டுக்கும் அவர் எழுந்திருக்கவில்லை.

வீட்டிலிருந்த மருந்தையெல்லாம் பையில் அள்ளிக்கொண்டு, கணவரை இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்து, மூன்று மாதம் முன்பு வாந்திக்காக எழுதிக்கொடுத்த மாத்திரை அட்டையைத் தனியே எடுத்து வைத்தார். இதுவும் டோபமைனைத் தடுக்கிற மருந்துதான், ஐந்து நாளைக்குத்தான் எழுதினேன், மூன்று மாதமாக யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டார்.

எலிக்கு ஒரு சொட்டு கூட்டிக் கொடுப்பதானாலும் கையெழுத்து கேட்கிறவள் அவள். வீட்டில், வாந்தி நின்ற சந்தோஷத்தில், காலி அட்டையை மருந்துக்கடையில் காட்டிக் காட்டி வாங்கியிருக்கிறாள்.

"நான்தான் சார்."

உடனே நிறுத்திவிடலாம், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அந்தப் 'பெரும்பாலும்' அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

"எலின்னா மறுநாளே தெளிஞ்சிடும் சார். இவருக்கு எத்தனை நாளாகும்?"

டாக்டர் விறைப்பு இருக்கிறதா என்று கணவரின் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். வேறு யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பதுபோல கணவர் உட்கார்ந்திருந்தார்.