வாஷர் மீது போட்ட பழி

மட்டாஞ்சேரி வீட்டுக் கழிவறையில் தண்ணீர்த் தொட்டி இரும்பாலானது. தலைக்கு மேல் இரண்டு முழ உயரத்தில் சுவரில் பதித்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு சங்கிலி தொங்கும். சங்கிலியின் நுனியில் வெள்ளைப் பீங்கான் பிடி. பிடியை இழுத்தால் முதலில் உள்ளே இரும்பும் இரும்பும் மோதுகிற சத்தம் எழும், அடுத்து தண்ணீர் தடதடவென்று இறங்கும். அதோடு விட்டாலும் பரவாயில்லை. தொட்டி மறுபடி நிரம்பும்வரை நாலைந்து நிமிடம் சீறிக்கொண்டே இருக்கும். எழுபதுகளின் பிற்பாதியில், தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த எனக்கு, அந்தச் சீறல்தான் முதல் எதிரி. மாமியாரைப் பற்றித்தான் ஊரில் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். கழிவறையைப் பற்றி ஒருவரும் எச்சரிக்கவில்லை.

நாங்கள் குடியிருந்தது மாடியில். கீழே சுக்குக் கிடங்கு. கிடங்கின் சொந்தக்காரரை எல்லோரும் முதலாளி என்பார்கள். கட்டடமும் அவருடையது, அந்தத் தெருவில் பாதிக் கட்டடங்களும் அவருடையவை. மாடித் தளம் வெறும் மரப்பலகை. கீழே மூட்டை அடுக்குகிறவர்கள் இருமினால் மேலே கேட்கும். அப்படியானால் மேலே நடப்பதெல்லாம் கீழே கேட்குமே என்று வந்த மூன்றாம் நாளே கணக்குப் போட்டுவிட்டேன். நான் சங்கிலியை இழுத்துவிட்டு வெளியே வந்த ஒரு காலையில் கீழே நாலு ஆண்கள் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்களோ, இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து கிடங்கு திறப்பதற்கு முன்பே எழுந்து போய்வருவேன். பகலில் அவசரம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன், முடியாதபோது வாளித் தண்ணீரைச் சுவரோரமாகச் சரித்து ஊற்றுவேன். இருபது வயதுப் பெண்ணின் பைத்தியக்காரத்தனம் என்று இன்று சொல்லலாம். அன்று அது மானப் பிரச்சினை.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் தொட்டி ஒழுக ஆரம்பித்தது. மாமா, அதாவது என் மாமனார், பைப்பு மேஸ்திரியைக் கூட்டி வந்தார். அவரும் தமிழ்தான், அப்பா காலத்திலேயே கொச்சிக்கு வந்த குடும்பம், பேச்சில் பாதி மலையாளம். எங்கள் வீட்டில் கழிவறைச் சாமான் எதையும் வீட்டு ஆட்கள் தொடுவதில்லை. மாமா அதன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாலே அடுத்த காரியம் குளியல்தான். ஆகவே மேஸ்திரி உள்ளே முக்காலி மேல் நின்று வேலை செய்ய, மாமா கூடத்தில் நின்று மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு கேள்வி கேட்டார். மேஸ்திரி சலிக்காமல் சொன்னார். தண்ணீர் மேலே ஏற ஏறச் செம்பு உருண்டை மிதந்து ஏறும், உருண்டையோடு சேர்ந்த கம்பி குழாய் வாயை அடைக்கும். உருண்டையில் ஓட்டை விழுந்து தண்ணீர் புகுந்தால் கனத்துப்போய் மிதக்காது. வாயில் இருக்கிற தோல் வாஷர் தேய்ந்தால் உருண்டை ஏறியும் பலனில்லை. கம்பி வளைந்து எங்காவது இடித்தாலும் அதே கதை.

“இவ்வளவுதான் சாரே சூத்திரம். உருண்டை, கம்பி, வாஷர். வேற ஒண்ணும் இல்ல. மிச்சமா ஏறுற தண்ணி இந்த ஓரத்துக் குழாய் வழியா வெளியே போயிரும். பயப்படண்டா.”

புது வாஷர் போட்டார், ஒழுகல் நின்றது. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட நான் புரிந்துகொண்டது வேறு. சீறல் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. குழாய் வாயிலிருந்து தண்ணீர் உயரத்திலிருந்து விழுவதால் வருகிறது. விழாமல் வழிந்து இறங்கினால் சத்தம் இருக்காது.

அடுத்த நாள் மத்தியானம், மாமியாரான அத்தை உறங்கும் நேரம், முக்காலியில் ஏறினேன். பழைய உள்பாவாடை ஒன்றைக் கிழித்து, அந்தத் துண்டைக் குழாய் வாயைச் சுற்றிக் கட்டி, நுனியைத் தண்ணீரில் தொங்கவிட்டேன். சங்கிலியை இழுத்துப் பார்த்தேன். தண்ணீர் துணி வழியே நழுவி இறங்கியது. சீறல் போயே போய்விட்டது. அந்த வீட்டில் நானாகச் செய்து ஜெயித்த முதல் காரியம் அது. யாரிடமும் சொல்ல முடியாத பெருமை இரண்டு மாதம் எனக்குள் இருந்தது.

எர்ணாகுளத்தில் ஒரு கல்யாணத்துக்காக நாங்கள் எல்லோரும் இரண்டு நாள் போயிருந்தோம். திரும்பி வந்து படியேறும்போதே முதலாளியின் குரல் தெருவுக்குக் கேட்டது. கிடங்குக் கூரைப் பலகைகள் கறுத்து ஊறியிருந்தன. அடியில் இருந்த சுக்கு மூட்டைகள் வரிசையாக நனைந்து, காரமும் பூஞ்சையும் கலந்த நாற்றம். கழிவறைத் தொட்டி விளிம்பு வழிந்து, தண்ணீர் சுவரோடு இறங்கிப் பலகைக்கு அடியில் போயிருந்தது. மொட்டைமாடித் தொட்டி காலியாகும்வரை அது நிற்கவில்லை. எனக்கு அந்த நொடியே காரணம் தெரியும். ஆனால் நானே ஓடிப்போய் முக்காலியில் ஏற முடியாது. அந்த வீட்டு மருமகள் எல்லோர் கண்ணெதிரே கழிவறைத் தொட்டிக்குள் கைவிடுவதா? மாமா ஆள் அனுப்பினார். மேஸ்திரி வந்தார்.

முதலாளி, மாமா, என் கணவர், மூட்டைக்காரர்கள் இரண்டு பேர் எல்லோரும் கூடத்தில் நின்றார்கள். மேஸ்திரி ஏறித் தொட்டிக்குள் கையை விட்டார். அடுக்களை வாசலிலிருந்து பார்த்தால் அவர் மட்டும் எனக்குத் தெரிவார். கையை வெளியே எடுத்தபோது துணி அவர் விரலில் இருந்தது. கட்டு தளர்ந்து ஒரு முனை கம்பியில் சிக்கி உருண்டையை ஏறவிடாமல் பிடித்திருக்கிறது, மறுமுனை ஓரத்துக் குழாயை அடைத்திருக்கிறது. துணியின் மடிப்பில் நாடா கோக்கிற ஓட்டை இருந்தது. அது என்ன துணி என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுபடி நிமிர்ந்தபோது அவர் துணியைப் பிழிந்து சாமான் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

“எந்தா காரணம்?” என்று முதலாளி கத்தினார்.

“வாஷர் சரியா உட்காரல. போன தடவை நான் போட்டதுதான். என் தப்பு” என்றார் மேஸ்திரி.

முதலாளி அவரைப் பேசிய பேச்சை எழுத எனக்குக் கூசுகிறது. தன்னுடைய எந்தக் கட்டடத்திலும் இனிக் கால் வைக்கக்கூடாது என்றார். மாமாவும் சேர்ந்துகொண்டார், வாடகைக்கு இருக்கிறவர் வேறென்ன செய்வார். மேஸ்திரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார். நான் அடுக்களையில் காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். முதலாளிக்குச் சர்க்கரை தூக்கலாகப் போடச் சொன்னார் அத்தை. போட்டேன்.

அந்தத் தெருவே அவருக்கு இல்லாமல் போனது. கொஞ்ச நாள் ஏலூரில் தொழிற்சாலைக் கட்டுமானத்துக்குக் கூலியாகப் போகிறார் என்றார்கள். நான் அவரைப் பற்றி நினைக்காத வாரம் இல்லை. எப்படி நினைத்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும். எவ்வளவு பெரிய மனசு, முன்பின் அறியாத ஒரு பெண்ணின் மானத்துக்காகப் பிழைப்பையே விட்டாரே என்று நினைத்துக் கண் கலங்குவேன். அவரை எவ்வளவு உயர்த்தினேனோ அவ்வளவுக்கு என் பாரம் குறைந்தது. பெரிய மனசுக்காரர்களுக்கு நாம் ஒன்றும் திருப்பித் தர வேண்டியதில்லை அல்லவா.

எண்பதுகளின் நடுவில் அந்த இரும்புத் தொட்டியைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் தொட்டி வைத்தோம். அதற்குள் மாமா தவறிப்போயிருந்தார், வீடு என் பொறுப்பு. புதுத் தொட்டியும் ஒரு நாள் ஒழுகியது. நான் யாரையும் கூப்பிடாமல், துணிக்குப் போடும் நீலத்தைத் தொட்டியில் கரைத்தேன். சுவரோரம் சொட்டுகிற தண்ணீர் நீலமாக வந்தால் தொட்டியில் கோளாறு, தெளிவாக வந்தால் குழாயில் கோளாறு. நீலமாக வந்தது. தொட்டிக்கடியில் இருந்த ரப்பர் வாஷரை நானே மாற்றினேன். குளித்துவிட்டுத்தான் அடுக்களைக்குப் போனேன் என்பதும் உண்மை. வாஷர் வாங்கப் போன கடையில் பழைய மேஸ்திரியைப் பற்றிக் கேட்டேன். “ஆரு, வாஷரா?” என்று கடைக்காரர் சிரித்தார். அப்போதுதான் தெரிந்தது, ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. தோப்பும்படியில் ஸ்டவ் ரிப்பேர் கடை வைத்திருப்பதாகச் சொன்னார்.

ஒரு சீப்பு நேந்திரம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது அவருக்கு. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், மனைவியைச் சாயா கொண்டுவரச் சொன்னார். நான் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்த வார்த்தைகளைச் சொன்னேன். என் மானத்தைக் காப்பாற்றினீர்கள், உங்களைப் போல ஒரு மனிதர் உண்டா என்று.

அவர் ஸ்டவ்வின் திரியைச் சீவிக்கொண்டே கேட்டார்.

“உங்களுக்காகச் செஞ்சேன்னா நெனச்சீங்க? அப்படியொண்ணும் இல்ல. அந்தத் துணிய வெளியே காட்டினா நான் என்ன ஆவேன்? வீட்டுப் பொண்ணோட உள்பாவாடைய வச்சுக்கிட்டு நாலு ஆம்பளைங்க முன்னால நின்னா, அது எப்படி உன் கையில வந்துச்சுன்னு முதல்ல என்னைத்தான் கேப்பாங்க. அடி விழுந்திருக்கும். வாஷர்னு சொன்னா வேலை மட்டும்தான் போகும். அதான் சொன்னேன்.”

சாயா டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் கோபமாகப் பேசவில்லை என்பதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“ஆனா நீங்க சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன் கேட்டீங்களா. அன்னிக்கு முடியாது, சரி. அடுத்த வாரம் உங்க அத்தைகிட்ட மெதுவா ஒரு வார்த்தை. அவங்க சாருகிட்ட, சாரு முதலாளிகிட்ட. பொம்பளைங்க வழியா வந்தா மானம் போகாம வந்து சேரும். ஒரு மாசம் பார்த்தேன். அப்புறம் விட்டுட்டேன்.”

“இப்ப நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டேன்.

“முதலாளி இப்பவும் உண்டல்லோ. அவர்கிட்ட சொல்லுங்க. வேலைக்காக இல்ல, வேலை எனக்கு இங்கயே இருக்கு. வழியில பார்த்தா இப்பவும் வாஷர்னுதான் கூப்பிடுறாரு. என் பொண்டாட்டி கூட இருக்கும்போதும் அப்படித்தான்.”

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் மனைவி வாசல்வரை வந்து வழியனுப்பினாள். பழத்தை என்னிடமே திருப்பித் தந்துவிட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கிடங்குக்கு இறங்கினேன். முதலாளி தளர்ந்துபோய் நாற்காலியில் இருந்தார். சுற்றி மூட்டைக்காரர்கள். “எந்தா மோளே?” என்று அன்பாகவே கேட்டார். அவர் அன்பாகக் கேட்டதற்குப் பிறகு எனக்குச் சாக்கு எதுவும் இல்லை. வாயைத் திறந்தேன். ஆறேழு ஆண்கள் வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். உள்பாவாடை என்ற சொல்லை அவர்கள் நடுவில் நான் சொல்ல வேண்டும்.

“மேலே தண்ணி வரல. மோட்டர் போடச் சொல்லணும்” என்றேன்.

அவர் உடனே ஆளை அனுப்பினார். நான் படியேறி வீட்டுக்குள் வந்தேன். மொட்டைமாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது, காலையில்தான் கிடங்கு ஆள் மோட்டர் போட்டு நிரப்பியிருந்தார். கொஞ்ச நேரத்தில் அது பொங்கி, வாசல் ஓட்டுச் சார்ப்பின் மேல் வழிந்து, கிடங்கு வாசலில் உலர்த்தியிருந்த சுக்கின் மேல் கொட்டியது. கீழே ஓட்டமும் கூச்சலுமாக இருந்தது. அதற்கு நடுவே முதலாளியின் குரல் தெளிவாகக் கேட்டது. “ஆ வாஷரெ விளிக்கடா” என்றார், அந்த வாஷரைக் கூப்பிடடா என்று. எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.