வைட் ஆங்கிள் லென்ஸும் மயில்சாமியின் காளைகளும்

வேகமாக ஓடி வரும் காளைகளுக்கு எதிரே, ரோட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு போட்டோ எடுக்கலாமா?

கூடாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். இதைச் சொல்ல ஒரு பக்கம் எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். எழுத வேண்டியிருக்கிறது, கண்ணுகளா. போன ஞாயிற்றுக்கிழமை என் நண்பர் டேவிட் அப்படித்தான் படுத்திருந்தார். விவரம் தெரியாத ஆள் இல்லை. பல வருஷமாகக் கேமரா பிடிக்கிறவர்!

டேவிட்டுக்குக் கோவை உக்கடத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ. என்னைவிட இளையவர், அதனால் என்னை அண்ணா என்பார். நான் ஸ்டுடியோ இல்லாதவன் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஃப்ரீலான்ஸ். அதாவது ஒரு கேமரா, ஒரு பழைய மொபெட், தோளில் ஒரு பை. யார் கூப்பிட்டாலும் போவேன். யாரும் கூப்பிடாவிட்டால் நானே எங்கேயாவது கிளம்பிவிடுவேன்.

கல்யாண மேடையில் டேவிட்டைப் பார்க்க வேண்டும் நீங்கள். கேமராவின் ஓட்டையில் கண்ணை வைத்துவிட்டால் அவருக்குக் காது கேட்காது. நாதஸ்வரம் கேட்காது, மைக் கேட்காது. சட்டையைப் பிடித்து இழுத்தாலும் உதறிவிட்டு வேலையைப் பார்ப்பார்... ஆனால் ஒன்று. அவருடைய படத்துக்குள் யாராவது தலையையோ கையையோ நீட்டிவிட்டால் போதும். உடனே நிமிர்ந்துவிடுவார்.

ஒருமுறை மாப்பிள்ளையின் தாய்மாமா எல்லாப் படத்திலும் வந்து நின்றுகொண்டே இருந்தார். டேவிட் நிமிர்ந்து சொன்னார்:

"ஏனுங்க மாமா, நீங்க அழகாத்தானுங்க இருக்கீங்க. ஆனா இது உங்க கல்யாணம் இல்லீங்களே!"

மண்டபமே சிரித்தது.

சரி, ஆடி மாதம் வந்தால் இந்த மண்டபங்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கும். முகூர்த்தம் இல்லை. போட்டோக்காரர்கள் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த நேரத்தில்தான் எங்களுக்கு வெளியூர் ஆசை வரும். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் ரேக்ளா பந்தயம் என்று கேள்விப்பட்டதும் நானும் டேவிட்டும் பஸ் ஏறிவிட்டோம்.

ரேக்ளா பார்த்திருக்கிறீர்களா? இரண்டு சக்கரம், எடை குறைவான சின்ன வண்டி. பூட்டியிருப்பது காங்கேயம் காளை ஜோடி. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வண்டியாகத்தான் விடுவார்கள். கொடி விழுந்ததும் கிளம்பி, எல்லைக் கோட்டைத் தாண்டுகிற வரை கடிகாரத்தில் நேரம் பார்ப்பார்கள். அந்த வேகத்தில் வண்டியைத் திருப்ப முடியாது, நிறுத்தவும் முடியாது. கோட்டைத் தாண்டிய பிறகு பத்துப் பேர் பாய்ந்து பிடித்தால்தான் காளைகள் நிற்கும்.

டேவிட்டிடம் அன்றைக்குப் புதிதாக ஒரு லென்ஸ். வைட் ஆங்கிள். தெரிந்தவரிடம் இரவல் வாங்கி வந்திருந்தார். இந்த லென்ஸின் குணம் என்ன தெரியுமா? வீட்டில் எவர்சில்வர் குடம் இருந்தால் அதில் உங்கள் முகத்தைப் பாருங்கள். மூக்கு பூசணிக்காய் போல இருக்கும். ஆனால் உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கிற அம்மா? எங்கோ அடுத்த தெருவில் நிற்பது போலப் பொடியாகத் தெரிவார். வைட் ஆங்கிளும் ஏறக்குறைய அப்படித்தான். எல்லாவற்றையும் தள்ளி வைத்துக் காட்டும்.

என் கேமராவில் இருந்தது டெலி லென்ஸ். அது நேர் எதிர். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துவிடும்.

ஆக, இரண்டு பேர் கண்ணுக்கும் உண்மையான தூரம் தெரியாது! இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பந்தயம் ஒரு நேரான மண் ரோட்டில். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறு பக்கம் தண்ணீர் வராத வாய்க்கால். எல்லைக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், வாய்க்கால் கரைமேல் நான் உட்கார்ந்துகொண்டேன். டேவிட் எனக்குக் கீழே ரோட்டோரம் துண்டை விரித்துப் படுத்தார். எதிரே வரும் காளைகளைத் தரையோடு தரையாக எடுக்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

மைக் பிடித்திருந்த விழாக் கமிட்டிக்காரர் பார்த்துவிட்டார்.

"போட்டோக்காரங்களே... உங்களைத்தானுங்க. அக்கட்டால போங்க. காளை ஒதுங்காதுங்க. நீங்கதானுங்க ஒதுங்கோணும்."

டேவிட் கையைத் தூக்கி ஆட்டினார். ஒதுங்கவில்லை.

முதல் வண்டி வந்தது. புழுதியும் சத்தமுமாகக் கடந்து போனது. டேவிட் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"தூரமா இருக்குதுங்கண்ணா. மாடு ரெண்டும் கட்டெறும்பாட்டத் தெரியுது."

துண்டை எடுத்து ரோட்டின் உள்பக்கம் ஒரு முழம் தள்ளி விரித்தார். அடுத்த வண்டி வந்தது. அதுவும் தூரம். மறுபடி ஒரு முழம். அதற்கடுத்த வண்டிக்கும் அதே கதை. மண்ணும் செம்மண், துண்டும் காவி நிறம், மேலே ஆடிக் காற்றில் பறக்கிற புழுதி வேறு... கொஞ்ச நேரத்தில் படுத்திருப்பது மனிதனா மண்மேடா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"போதும் டேவிட்டு. பின்னால வா."

"அண்ணா, இன்னும் ஒரு ஜோடி மாட்டை நடுவுல உடலாமுங்க. அத்தன எடமிருக்குது!"

அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. பொய் சொல்லவில்லை அவர்.

அடுத்து மைக்கில் மயில்சாமி என்று பெயர் சொன்னார்கள். கூட்டம் எழுந்து நின்றது. உள்ளூர்க்காரர். சாம்பல் கலந்த வெள்ளை நிற மயிலைக் காளைகள் இரண்டும் வெள்ளிக் கட்டி மாதிரி இருந்தன. கொடி விழுந்தது. தப்பட்டை மேளம் அதிர்ந்தது. விசில், கூச்சல், கைதட்டல்... காது அடைத்துவிட்டது.

நான் டெலி லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தேன். காளைகளின் மூக்கு விரிவது தெரிகிறது. வாயோரத்து நுரை தெரிகிறது. நின்றபடி ஓட்டுகிற மயில்சாமியின் பல் தெரிகிறது. க்ளிக், க்ளிக் என்று எடுத்துக்கொண்டே இருந்தேன். இடது காளை லேசாகக் கோணியது. வண்டி நடு ரோட்டை விட்டு வாய்க்கால் பக்கம் சாய்ந்தது.

எங்கள் பக்கம்.

என் படத்தின் கீழ் மூலையில் டேவிட்டின் தலை வந்தது. அதற்கு மேலே காளைகளின் குளம்பு. இரண்டும் ஒட்டிக்கொண்டாற்போல இருந்தன. டெலி லென்ஸ் இழுத்துக் காட்டுகிறது, இவ்வளவு கிட்டத்தில் இருக்காது என்று மனசு சொன்னது. சொல்லிக்கொண்டே இருந்தது...

கேமராவை விட்டுக் கண்ணை எடுத்தேன்.

காளைகள் உண்மையிலேயே வந்துவிட்டன! மயில்சாமி காளைகளின் தலைக்கு மேலே எல்லைக் கோட்டைப் பார்க்கிறார். தரையில் கிடக்கும் ஆளை அவர் பார்க்கவில்லை. டேவிட்டோ கேமராவில் கண்ணை வைத்தபடி, இன்னும் கிட்டத்தில் வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறார்.

"டேவிட்டு! எந்திரி!"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. தப்பட்டை அடிக்கிறார்கள், காற்று எதிரே அடிக்கிறது.

கரையிலிருந்து சறுக்கி இறங்கி அவர் காலைப் பிடித்து இழுத்தேன். உதறினார்! சட்டையைப் பிடித்து இழுக்கிற கல்யாண வீட்டுக் குழந்தை என்று நினைத்துவிட்டாரோ என்னவோ. மறுபடி இழுத்தேன். மறுபடி உதறல். ஆள் கனமானவர், என்னால் நகர்த்த முடியவில்லை.

பிளாஷ் அடித்துக் காளைகளை விலக்கலாமா? காளை மிரண்டால் கூட்டத்துக்குள் பாயும். அங்கே உங்களைப் போன்ற பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேறு என்ன செய்வது?

அவர் பக்கத்தில் விழுந்து, என் உள்ளங்கையை விரித்து, லென்ஸுக்கு முன்னால் நீட்டினேன்.

நிமிர்ந்தார்!

"யாருங்க அது? கையெ எடுங்..."

அவ்வளவுதான். காளைகளைக் கண்ணால் பார்த்துவிட்டார். நான் ஒரு பக்கம் தள்ள, அவரே ஒரு பக்கம் உருள, இரண்டு பேரும் வாய்க்காலுக்குள் விழுந்தோம். காளைகளின் மூச்சு என் முதுகில் சூடாக அடித்தது. மேலே மண் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் கடந்து போனது.

கண்ணைத் திறந்தபோது டேவிட் கேமராவை மார்போடு அணைத்தபடி மல்லாந்து கிடந்தார். முழங்கையில் வேலமுள். எட்டிப் பார்த்தேன். ரோட்டில் விரித்திருந்த துண்டின் மேல், அவர் நெஞ்சு இருந்த இடத்தில், சக்கரத் தடம்.

காளைகளும் மிரண்டுதான் போயிருந்தன. கோட்டைத் தாண்டாமல் தோப்புக்குள் நுழைந்து ஒரு தென்னை மரத்தருகே நின்றுவிட்டன. நல்லவேளை, காளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மயில்சாமியின் ஓட்டம் போனது போனதுதான். அவர் எங்களை நோக்கி நடந்து வந்தார். கையில் சாட்டைக் குச்சி. ஊரே பின்னால் வந்தது. இன்றைக்கு உதைதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

வந்தவர் டேவிட்டை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்தாலும் மரியாதை போகாது. அதுதான் கஷ்டமே. திட்டினால் வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

"ஏனுங்க, கையி காலு நல்லா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"என்ற மாட்டுக்கு ரெண்டு பக்கமும் கண்ணு இருக்குதுங்க. உங்களுக்கு ஒண்ணுதானுங்களா?"

டேவிட் குனிந்து முழங்கை முள்ளைப் பிடுங்கினார்.

"ஊட்டுல சொல்லிப்போட்டு வந்தீங்களா?"

"கல்யாணம் எடுக்கப் போறேன்னு சொல்லிப்போட்டு வந்தேனுங்க..."

"ஆடி மாசத்துலீங்களா? அம்மணி நம்பிடுச்சுங்களா?"

கூட்டம் சிரித்தது. மயில்சாமி சிரிக்கவில்லை. டேவிட்டின் கையையும் காலையும் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்களைவிட அதிகம் பயந்தவர் அவர். ஒரு மனிதன் மேல் வண்டியை ஏற்றிவிட்டோம் என்று தோப்புவரை நினைத்துக்கொண்டே போயிருக்கிறார்.

"உங்க மேல ஏறியிருந்தா, நான் சாகிற வரைக்கும் மாடு பூட்டியிருக்க மாட்டேனுங்க," என்றார். காளைகளிடம் போய் அவற்றின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

கமிட்டிக்காரர்கள் கூடிப் பேசி அவருக்கு இன்னொரு ஓட்டம் கொடுத்தார்கள். நாங்கள் தோப்புக்குள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தோம். கேமரா இரண்டும் பைக்குள். ஜெயித்தாரா என்று கேட்காதீர்கள். ஜெயிக்கவில்லை. காளைகள் களைத்துப்போயிருந்தன. இது எனக்கு இன்னும் உறுத்துகிறது. டேவிட்டுக்கு என்னைவிட அதிகமாக.

உக்கடம் வருகிற வரைக்கும் பஸ்ஸில் அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது கேட்டார்:

"அண்ணா, அந்த லென்ஸுல கோளாறு இருக்குமோ?"

லென்ஸில் என்ன கோளாறு? அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. தள்ளிக் காட்டுவது அதன் குணம். கிட்டத்தில் காட்டுவது என் லென்ஸின் குணம். தலையைத் தூக்கி நிஜத்தைப் பார்க்க வேண்டியது யார்? நாங்கள்தானே. படிப்போ, விளையாட்டோ, ஒருத்தர் மேல் வருகிற கோபமோ... எதிலும் ரொம்ப மூழ்கிவிட்டால் நடுவில் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள், கண்ணுகளா. யாராவது கையை நீட்டி மறைத்தால், திட்டுவதற்கு முன்னால் அவர் ஏன் மறைக்கிறார் என்றும் பாருங்கள்.

நேற்று டேவிட் வீட்டுக்கு வந்தார். பிலிமைக் கழுவியிருக்கிறார். அந்தக் கலவரத்தில் அவர் விரல் தானாகவே பட்டனை அழுத்தியிருக்கிறது! பிரிண்டை மேஜைமேல் வைத்தார். பாதிப் படத்துக்கு என் உள்ளங்கை, பலகை அகலத்துக்கு. விரல் இடுக்கில், எங்கோ ரோட்டுக் கோடியில், இரண்டு வெள்ளைக் காளைகள் மேய்ச்சலுக்குப் போவதுபோல வந்துகொண்டிருக்கின்றன.

நடந்ததை நான் ஒன்று விடாமல் என் மகளுக்குச் சொல்லி முடித்தேன். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். படத்தைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"மாடு எங்கியோ பாவமா வந்துட்டிருக்குது. உங்க கையிதாம்ப்பா பயமா இருக்குது!"