காலுக்காகக் கழுத்தில் எடுத்த ஸ்கேன்

செவிலிமேட்டில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. ஜன்னல் கிரில், கேட், தறிக்காரர்கள் கேட்டால் தறிக்கு மேலே டிசைன் போடும் ஜக்கார்டு பெட்டியை நிறுத்த இரும்புச் சட்டம் என்று எது வந்தாலும் செய்வேன். இருபது வருடத்துக்கு மேல் இதே வேலைதான். நாற்பத்தாறு வயதில் ஒருநாள் காலை, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றேன். விரல்கள் அசைந்தன, ஆனால் சொன்னதைச் செய்யவில்லை. என் மனைவி வந்து போட்டுவிட்டாள். தூக்கம் சரியில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு கால் மாறியது. சிமெண்டுத் தரையில் நடந்தாலும் பஞ்சின் மேல் நடப்பது போலிருந்தது. பஸ் ஸ்டாண்டில் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் பத்தடி போய்விட்டேன். பூ விற்கும் அம்மா கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தேன். கேட் செய்யக் கொடுத்திருந்த ஒருவர், நான் தள்ளாடி வருவதைப் பார்த்து, காலையிலேயே குடித்துவிட்டேன் என்று நினைத்து வேலையை வேறு பட்டறைக்கு மாற்றிவிட்டார். குடியைத் தொட்டதே இல்லை நான்.

சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. நரம்புக்கு மாத்திரை கொடுத்தார்கள், மூன்று மாதம் சாப்பிட்டேன். எண்ணெய் போட்டு உருவிப் பார்த்தோம். ஒன்றும் கேட்கவில்லை. பட்டுக்கடையில் சேலை எடுத்துக் காட்டும் வேலையில் இருக்கும் என் மனைவி, கடைசியில் லீவு போட்டுவிட்டு என்னைப் பெரிய ஆஸ்பத்திரி நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

அவர் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் அவர் மேலேயே படுகிற அளவுக்குத் துள்ளியது. உள்ளங்காலில் சாவி முனையால் மெதுவாகக் கோடு இழுத்தார்; பெருவிரல் தானாக மேலே போனது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எழுதினார்.

"காலுதான் சார் தகராறு," என்றேன். "கழுத்துல ஒண்ணும் வலி இல்லீங்களே."

"காலுக்குப் போற நரம்பு கழுத்து வழியாத்தான்பா போவுது. அங்க எதுவோ அமுக்குதுன்னு நினைக்கிறேன். பார்த்துடலாம்."

மூன்று வாரம் கழித்துத்தான் ஸ்கேனுக்கு முறை வந்தது. அங்கே இருந்த பெண் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். ஐயம்பேட்டைப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. உடம்பில் பிளேட், ஸ்குரூ உண்டா, இதயத்தில் மெஷின் வைத்திருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டதா என்றும் கேட்டார்.

பட்டிருந்தது. எட்டு வருடம் முன்னால் கிரைண்டிங் செய்யும்போது வலது கண்ணில் ஒன்று தெறித்து, கண் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். அதைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ, இன்னொரு மூன்று வாரம் காத்திருக்க வேண்டுமோ என்று பயம். இல்லை என்று சொல்லிவிட்டேன். மனைவி பக்கத்தில் இல்லை. நகையெல்லாம் கழற்றிவிட்டால் ஸ்கேன் அறையில் கூட உட்கார விடுவதாகச் சொல்லியிருந்ததால், குழாயடியில் சோப்பு போட்டு மெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணத்திலிருந்து கழற்றாத மெட்டி.

என்னைப் படுக்க வைத்து, கழுத்துக்கு மேல் ஒரு கூடு மாட்டினார்கள். கையில் ரப்பர் பந்து மாதிரி ஒன்றைக் கொடுத்து, முடியவில்லை என்றால் அமுக்கச் சொன்னார்கள். அந்தப் பெண் காதில் பஞ்சை வைக்கும் முன், இந்தக் காந்தம் எந்நேரமும் வேலை செய்துகொண்டேயிருக்கும், உடம்புக்குள் இரும்பு இருந்தால் அதை நகர்த்திவிடும், அதனால்தான் இத்தனை கேள்வி என்று சொன்னார்.

"மேடம், கண்ணுல ஒரு தடவ இரும்பு பட்டுக்கிது. எடுத்துட்டாங்க. முழுசா எடுத்தாங்களான்னு எனக்குத் தெரியாது."

அவர் கை நின்றது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கூட்டைக் கழற்றி, என்னை உட்கார வைத்தார்.

"இத அங்கியே சொல்லியிருக்கணும்ணா," என்றார். "பரவாயில்ல, இப்பவாவது சொன்னீங்களே. கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க. இன்னிக்கே பண்ணிடலாம்."

எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நடந்ததைக் கேட்ட மனைவி தணிந்த குரலில், "கண்ணு போயிட்டா, கால வச்சிக்கினு எங்க போவீங்க?" என்றாள்.

கண்ணில் எதுவும் மிச்சமில்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்னபின் உள்ளே போனேன். சத்தம் பெரிதுதான். பட்டறையில் இருப்பவனுக்கு அது ஒரு கஷ்டமில்லை. அசையாமல் கிடப்பதுதான் கஷ்டம். மனைவி என் வலது கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இடது காலில் யார் தொட்டாலும் சரியாகத் தெரியாது என்பதால் வலதைப் பிடிக்கச் சொல்லியிருந்தேன். அரை மணி நேரமும் கை எடுக்கவில்லை.

நரம்பு டாக்டர் படத்தைத் திரையில் வைத்துக் காட்டினார். முதுகெலும்புக்குள் மேலிருந்து கீழே சாம்பல் நிறத்தில் தண்டுவடம், அதன் இரண்டு பக்கமும் வெள்ளையாக நீர். கழுத்தின் நடுவே ஓரிடத்தில் மட்டும் வெள்ளையே இல்லை. எலும்புகளுக்கு இடையில் இருக்கும் வட்டு பின்னால் பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. சாதா எக்ஸ்ரேயில் இது இப்படித் தெரியாது என்றார். நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. எட்டு மாதமாக இன்னதென்று யாரும் சொல்லாத ஒன்று, இதோ, விரல் வைத்துக் காட்டும்படி ஓரிடத்தில் இருக்கிறது.

"போனதெல்லாம் திரும்பும்னு வாக்கு கொடுக்க மாட்டேன்," என்றார் டாக்டர். "ஆனா ஆபரேஷன் பண்ணி இதுக்கு மேல போகாம நிறுத்திடலாம். சீக்கிரம் பண்ணா கொஞ்சம் கொஞ்சமா திரும்பவும் செய்யும்."

சென்னையில் ஆபரேஷன் நடந்தது. கழுத்தின் முன்பக்கம் கீறி, அந்த வட்டை எடுத்துவிட்டார்கள். இரண்டாம் வாரமே விரல்கள் லேசாகின. கால் அத்தனை சீக்கிரம் கேட்கவில்லை. தினமும் வீட்டுச் சுவரைப் பிடித்து நடந்தேன். அடியை எண்ணி நடந்தால் அலுப்பாக இருக்கிறதென்று, மனைவி கடையில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே கூட வருவாள்.

இப்போது பட்டறையில் அரை நாள் வேலை பார்க்கிறேன். கனம் தூக்குவதில்லை. இடது கால் காலை நேரத்தில் இன்னும் விறைப்பாகத்தான் இருக்கிறது. கண்ணாடி போடாமல் பட்டறையில் வேலை பார்க்கிற யாரையும் கிரைண்டரைத் தொட விடுவதில்லை. கண்ணில் எது பட்டாலும் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

போன மாதம் ஓரிக்கையில் புதிதாகக் கட்டும் ஒரு வீட்டுக்குப் படிக்கட்டுக் கைப்பிடி அளவெடுக்கப் போனேன். பிடித்து ஏறுவதற்கு ஒன்றும் இல்லை, வெறும் படிதான். வீட்டுக்காரர் என் நடையைப் பார்த்துத் தயங்கி, அவரே ஏறி அளந்து சொல்வதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். மெதுவாக ஏறினேன். மொட்டை மாடிக்குப் போனதும் டேப்பைப் பிரித்து, மேலிருந்து முதல் படியின் அளவைச் சத்தமாகச் சொன்னேன். கீழே நின்றுகொண்டிருந்த அவர் எழுதிக்கொண்டார்.