வைக்கோல் கட்டின் பின்புறம்

என் வீட்டுக்காரர் விட்ட அம்புகளுக்குக் கீழே நான் குப்புறப் படுத்துக் கிடந்திருக்கிறேன். யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். அறுபத்தேழு வயதில் அவர் அம்பு விட்டாராம், பெண்டாட்டி அதற்குக் கீழே கிடந்தாளாம். சிரிக்கிறவர்கள் அங்கே வந்து ஒரு நிமிஷம் கிடந்து பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

அவர் பெயர் தாணுலிங்கம். பூதப்பாண்டிப் பக்கம் பிறந்து, இருபத்திரண்டு வயதில் திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக் கடையில் சேர்ந்தவர். நாற்பது வருஷத்துக்கு மேல் தகரம் வெட்டுகிற சத்தத்துக்குப் பக்கத்திலேயே நின்று இரண்டு காதும் போய்விட்டன. கடையை விட்டு நின்றதும் மகள் திவ்யலட்சுமி காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தாள். மிஷின் இருந்தால் கேட்கும். ஆனால் எல்லாம் ஒரே சமயத்தில் கேட்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்திச் சத்தமும் பாத்திரச் சத்தமும் பேச்சும் ஒன்றாக வந்து விழும். எதிரே இருப்பவர் என்ன கேட்டாலும் ஒரு அசட்டுச் சிரிப்போடு தலையாட்டுவார். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு மாதத்தில் எங்கேயும் போவதை விட்டுவிட்டார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை அதே நாற்காலி. மனுஷர் கரைந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

பழைய கடைக்காரர்கள் நாலு பேர் அவரை வலுக்கட்டாயமாகக் கல்லாற்றுக்குக் குளிக்கக் கூட்டிப் போனார்கள். பொன்முடி மலைக்குப் போகிற வழியில் இருக்கிற ஊர். அங்கே செல்வின் என்று ஒருவர் ஆற்றோரம் டீக்கடை வைத்திருக்கிறார். மலையில் வாழ்கிற காணிக்காரப் பழங்குடிகளிடம் வில் செய்யக் கற்றுக்கொண்டவர். கடைக்குப் பின்னால் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு வைக்கோல் கட்டை நிறுத்தி, அதில் மூங்கில் வில்லால் அம்பு விட்டுப் பழகுவார். இவர் கேட்டு வாங்கி மூன்று அம்பு விட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்தபோது நாண் அடித்து இடது முழங்கை உள்பக்கம் கன்றிச் சிவந்திருந்தது. சட்டையைக்கூட மாற்றாமல் என் முன்னால் வந்து நின்றார்.

"இதுக்குக் காதே வேண்டாம் வடிவு" என்றார். "கண்ணும் தோளும் போதும். ஒருத்தனும் பேச மாட்டான். நானும் பதில் சொல்ல வேண்டாம்."

அன்று ஒரு மணி நேரம் பேசினார். ஒரு வருஷமாக அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் தம்பானூரில் இருந்து காலை பஸ். செல்வின் அவருக்கென்று ஒரு வில் செய்து கொடுத்தார். அம்பு முனையை மட்டும் இவரே ஆணியைத் தட்டிச் செய்தார்; இரும்புக் கடைக்காரர் அல்லவா, அதை யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஆறு அம்பு, ஆறுக்கும் வான்கோழி இறகு. அந்த முனைகளைப் பார்த்த நாளில் இருந்து, வீட்டில் தனியாக இருந்தால் அவர் அம்பு யார் மேலாவது குத்திவிட்டதாகவே தோன்றும். அதற்குக் கூடவே போய்விடலாம் என்று நானும் பஸ் ஏறினேன். எனக்கு முழங்கால் வலி. மூட்டுக்குத் தைலம் தடவிக்கொண்டு வில் பார்க்கப் போன ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

நாணை இழுத்தால் அது காதோரம் வரும். மிஷின் இருந்தால் தட்டி எறிந்துவிடும். ஆகவே எங்களுக்குள் ஒரு முறை வைத்துக்கொண்டோம். அவர் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு கல் உண்டு. நான் அதில் உட்கார்ந்ததும் மிஷினைக் கழற்றி என் உள்ளங்கையில் வைப்பார். ஆறு அம்பும் விட்டுத் திரும்பினால் திருப்பிக் கொடுப்பேன். மாட்டிக்கொண்டபிறகு இரண்டு பேரும் சேர்ந்து அம்பு பொறுக்கப் போவோம். மிஷின் என் கையில் இருந்தால் நான் கல்லில் இருக்கிறேன் என்று அர்த்தம். ஒரு வருஷம் இதில் ஒரு பிசகும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வின் கடையில் கூட்டம். அவர் இந்தப் பக்கம் வரவில்லை. நாங்கள் இரண்டு பேர்தான். முதல் ஆறு அம்பில் ஒன்று கட்டுக்கு இடதுபுறமாகப் போய்விட்டது. கட்டுக்குப் பின்னால் தரை சரிந்து ஆற்றுக்கு இறங்குகிறது. ரப்பர் சருகு கணுக்கால் வரை கிடக்கும். தேடினோம், கிடைக்கவில்லை. அவர் ஐந்தை எடுத்துக்கொண்டு மரங்களைச் சுற்றி மேலே போனார். நான் இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன் என்று நின்றேன். மேலே போய்ச் சேர்ந்ததும், தேடினது போதும் என்று கூப்பிட்டார்.

"வடிவு, மதி. வா."

"இன்னா வாறேன்" என்று சத்தமாகச் சொன்னேன்.

சொல்லிவிட்டு ஒரு அடி எடுத்து வைத்தபோது சருகுக்குள் இறகு தெரிந்தது. குனிந்து சருகை விலக்கினேன். முனை ஒரு வேருக்குள் ஏறியிருந்தது. அதை ஆட்டி ஆட்டி இழுத்துக்கொண்டு, கட்டுக்கு நேர் பின்னால், உட்கார்ந்த நிலையில் இருந்தேன். அம்பு கையோடு வந்ததும் எனக்குச் சந்தோஷம்.

அப்போது என் வலது தோளுக்குப் பக்கத்தில் காற்று கிழிந்தது. நாலடி தள்ளி மண்ணில் ஒரு அம்பு நின்று ஆடியது.

எனக்கு உடனே புரியவில்லை. கையில் இருந்த அம்பையும் மண்ணில் இருந்த அம்பையும் மாறி மாறிப் பார்த்தேன். புரிந்ததும் கத்தினேன். ஆறு இரைந்துகொண்டிருந்தது, ஆறு இல்லாவிட்டாலும் கேட்கப்போவதில்லை. மிஷினை அவரே கழற்றியிருக்கிறார். நான் பின்னால் கல்லில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். கட்டைப் பார்த்து நின்றுவிட்டால் திரும்பிப் பார்க்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது.

ஓடலாம் என்றால் எந்தப் பக்கம் ஓட? தப்பிய அம்பெல்லாம் கட்டின் இரண்டு பக்கமும்தான் பாய்கின்றன. எழுந்து நிற்கவே எனக்கு அரை நிமிஷம் ஆகும். அப்படியே குப்புற விழுந்தேன். மூக்கில் சருகு, வாயில் மண். இரண்டாவது அம்பு கட்டில் அடித்தது. தலையைத் தூக்கிப் பார்த்தேன், பார்த்திருக்கக்கூடாது. ஒரு வருஷம் அடிபட்டு நடுவில் இளகிப்போன வைக்கோல். முனை ஒரு சாண் நீளத்துக்கு என் பக்கம் வந்து நின்றது. நான் உட்கார்ந்திருந்தால் அந்த இடத்தில் என் கழுத்து.

மூன்று. இசக்கியம்மா, இவர் கையைப் பிடித்துக்கொள் என்று வேண்டினேன். நான்கு. மகளை நினைத்தேன், அவளுக்கு யார் போன் பண்ணுவார்கள், இவருக்குப் போனில் பேசினால் கேட்காதே என்று நினைத்தேன். ஐந்து. அதுவும் கட்டைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.

ஆறாவது வரவில்லை.

அதுதான் எல்லாவற்றையும் விடக் கொடுமை. நாணை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரா? சில சமயம் ரொம்ப நேரம் பிடிப்பார். இப்போது எழுந்தால் இப்போதே விடுவார். உடம்பெல்லாம் வேர்த்து, சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நெஞ்சு அடிக்கிற அடி மண்ணில் கேட்டது. ஆறாவது அம்பு என் கையில்தான் இருந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டே அதற்குப் பயந்து கிடந்திருக்கிறேன்.

சருகில் செருப்புச் சத்தம் கேட்டது. கட்டைச் சுற்றி அவர் கால் வந்து நின்றது. நான் மெல்ல முகத்தைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்தார், துளைத்துக்கொண்டு நின்ற முனைகளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் நான்தான் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டேன். மிஷின் அவர் சட்டைப் பையில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் அவரே சொன்னார்: "உன் அம்மையைக் கொல்லப் பாத்தேன்."

"அப்பாக்குப் பிராந்தா, புத்தி கெட்டுப்போச்சா?" என்று அவள் அழுதாள். "இனி அங்க போவாண்டாம். தீர்ந்துது."

நானும் விடவில்லை. பயம் அடங்கினதும் அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. "ஒரு தடவை திரும்பிப் பாத்தா கழுத்து சுளுக்கிருமா? மிஷினைக் கழத்தி என் கையில தரணும்னுதானே முறை? எதுக்குப் பையில போட்டிய?" என்று காலையில் கேட்டேன், மத்தியானம் கேட்டேன், பக்கத்து வீட்டு ஷீஜா வந்தபோது அவள் முன்னாலும் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "என் தப்புதான்" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு வார்த்தை.

நான் வாறேன் என்று சொல்லிவிட்டு வராததை நான் யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாள் மறந்துவிட்டேன். இரண்டாம் நாள் ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

வில்லைப் பழைய வேஷ்டியில் சுற்றிப் பரணில் போட்டார். அதன்பிறகு நான் பார்த்த மனுஷர் வேறு. குளிக்கும்போதுகூட மிஷினைக் கழற்ற யோசித்தார். தேங்காய் உடைக்க அரிவாளை எடுத்தால், "வடிவு, எங்க நிக்கே?" என்று கேட்டு, நான் எதிரே வந்து முகத்தைக் காட்டினபிறகுதான் ஓங்குவார். கதவைச் சாத்த வேண்டுமென்றாலும் அதே கேள்வி. அப்புறம் அதையும் நிறுத்திவிட்டு, பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். காலை முதல் மத்தியானம் வரை. இந்தத் தடவை கரைந்தால் மிச்சம் இருக்காது என்று எனக்குப் பயம் வந்தது. அம்புக்குக் கீழே கிடந்தபோது பட்ட பயத்தைவிட இது மோசமாக இருந்தது, ஏனென்றால் இதில் எனக்கும் பங்கு இருந்தது.

மூன்றாவது ஞாயிறு வில்லை இறக்கினார். "செல்வின்கிட்ட திருப்பிக் குடுத்திட்டு வந்திருவோம்" என்றார். மகளிடம் சொல்லிக்கொண்டு இரண்டு பேரும் போனோம். 

செல்வின் வில்லை வாங்கவில்லை. எல்லாம் அவருக்குத் தெரியும். வைக்கோல் கட்டைப் புதிதாக மாற்றியிருந்தார். பின்னால் ஒரு பழைய டயரையும் கட்டியிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு அம்பு விட்டுட்டுத் தாருங்க. அது மதி" என்றார். "நான் கட்டுப் பக்கம் போய்ப் பாத்துட்டு வந்தாச்சு. ஒரு ஆளும் இல்லை."

இவர் நாணேற்றினார். என்னைக் கல்லில் உட்காரச் சொல்லி, நான் உட்கார்ந்ததை இரண்டு தரம் பார்த்துவிட்டு, மிஷினைக் கழற்றி என் கையில் வைத்தார். அம்பைப் பூட்டி இழுத்தார். பாதி தூரம் வந்ததும் அதற்கு மேல் இழுக்காமல் நின்றார். இறக்கினார். மறுபடி இழுத்தார், மறுபடி இறக்கினார். மூன்றாம் தடவை இழுக்கவே இல்லை. குனிந்து காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த முதுகைப் பார்த்து என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து அவர் பின்னால் போய், "நான் வாறேன்னு சொன்னேன். சொல்லிட்டு வரலை. என் தப்பும் இருக்கு" என்றேன். சொல்லி முடித்தபிறகுதான் தெரிந்தது, மிஷின் என் கையில் இருக்கிறது. அவர் காதில் ஒரு எழுத்துகூட விழவில்லை. விழாது என்று தெரிந்துதான் சொன்னேனோ என்னவோ. நான் அவ்வளவு நல்லவள் ஒன்றும் இல்லை.

தோளைத் தொட்டுத் திருப்பினேன். மிஷினை நானே அவர் காதில் மாட்டிவிட்டேன். அது இரண்டு தடவை வழுக்கியது. மறுபடி சொன்னேன். 

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ வாறேன்னு சொன்னே. அப்போ மிஷின் காதுலதான இருந்துது. கேட்டபிறகுதான் கழத்தினேன்."

 மூன்று வாரம். மகள் முன்னால், ஷீஜா முன்னால், சோற்றுத் தட்டுக்கு முன்னால் அவரை ஏசியிருக்கிறேன். "பின்ன ஏன் ஒரு தடவைகூடச் சொல்லலை?"

"நீ வாயில மண்ணோட எந்திரிச்சு நின்னே, வடிவு" என்றார். "அப்போ போய் நீ வாறேன்னு சொன்னியேன்னா கேப்பேன்?"

செல்வின் டீ போடுகிற சாக்கில் கடைப் பக்கம் நகர்ந்துவிட்டார். நான் அழுதேன், அதை மறைப்பானேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரைக் கட்டுப் பக்கமாகத் திருப்பி நிறுத்தினேன். மிஷினைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். ஆனால் கல்லுக்குப் போகவில்லை. பின்னாலேயே நின்று, என் உள்ளங்கையை அவர் முதுகில் வைத்தேன். நான் எங்கே இருக்கிறேன் என்று இனிமேல் அவர் திரும்பிப் பார்க்க வேண்டாம், என்னைக் கேட்கவும் வேண்டாம்.

அவர் இழுத்தார். முதுகு நடுங்குவது என் கைக்குத் தெரிந்தது. என் கை நடுங்குவதும் அவருக்குத் தெரிந்திருக்கும். நான் கையை எடுக்கவில்லை.