கொச்சிக்கு ஸ்வெட்டர் போட்டுப் போன நாள்

அன்றைக்குப் போனது மூன்றே பேர்: நான், என் வீட்டுக்காரி, அவளுடைய அண்ணன். மகளுக்கு எட்டாம் மாதம். அவளை வண்டிப்பெரியாரிலேயே விட்டுவிட்டோம். அவள் பேறுகாலத்துக்கு முன்னால் கொச்சிக் கடற்கரைப் பழைய கோவிலில் மாதாவுக்கு எழுநூறு ரூபாய் போடுகிறேன் என்று வீட்டுக்காரி நேர்ந்திருந்தாள். அதற்குத்தான் பயணம். "அம்புட்டுத் தூரம் போறோம், ஊரையும் பாத்திருவோம் மாப்ள" என்று மச்சான் ஒட்டிக்கொண்டார்.

இருட்டோடு பஸ் ஏறினோம். எங்கள் மலையில் அந்நேரம் ஸ்வெட்டர் இல்லாமல் யாரும் வாசலைத் தாண்டமாட்டார்கள். சட்டைப் பையில் எவனாவது கைவிடுவான் என்று பயந்து, காணிக்கைக் கவரை ஸ்வெட்டரின் உள்பையில் வைத்து ஊக்குக் குத்தினேன். பஸ்ஸை விட்டுப் படகேறி, கொச்சிக் கரையில் இறங்கியதும் வெந்துபோனேன். கழற்றியதை மச்சான் தன் தோள்பையில் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

கோவில் மூன்று மணிக்குத்தான் திறக்குமாம். அதுவரை அந்தப் பேர்பெற்ற கடற்கரையைப் பார்த்தேன். ஆறு ஆள் கயிற்றில் தொங்கிச் சீனவலையைத் தூக்குகிறார்கள். வருவது நாலு பொடிமீனும் ஒரு செருப்பும். அதைப் படமெடுக்க வெள்ளைக்காரர்கள் வரிசை. காரை பெயர்ந்த சுவர் எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டில் இருந்தால் கேவலம். அங்கே அதற்கு வாடகை கூடுதல். வரலாறாம். ஏழாவதோடு நின்றவனுக்கு அது தெரியாதுதான்; நாற்றம் தெரியும். ஒரு கடையில் டீ நூற்றைம்பது ரூபாய். அந்தத் தூளைவிட எங்கள் தேயிலை பாக்டரியில் கூட்டித் தள்ளுவது நன்றாக இருக்கும்.

மச்சான் வலைக்காரனிடம் கரிமீன் வாங்கினார். பக்கத்துக் கடையில் கொடுத்தால் பொரித்துத் தருவார்கள். பொரிக்கிற கூலியும் மீன்விலையில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டது அவர் மூளை. தின்று முடித்ததும் எங்களைக் கைகழுவ அனுப்பிவிட்டு அவரே பில்லைத் தீர்த்தார். பெருந்தன்மை என்று நினைத்தேன்.

கோவில் திறந்ததும், உண்டியல் முன்னால் ஸ்வெட்டரை வாங்கித் தடவினேன். ஊக்கு மட்டும் இருந்தது.

"ஒங்க செலவுக் காசுன்னு நெனச்சேன் மாப்ள. மீனு நீங்களுந்தான தின்னீங்க."

"மாதா காசுல தின்னது தொண்டையில முள்ளா நிக்கலையாண்ணே?" என்றாள் வீட்டுக்காரி.

சட்டைப் பையில் இருந்தது பஸ் கூலிதான். கும்பிட்டுவிட்டு வந்தோம்.

இப்போது ஒன்பதாம் மாதம். மகள் இடுப்பைப் பிடித்தால் எனக்கு மூச்சு நிற்கிறது. நான் போட்டுவிடுகிறேன் என்றால் வீட்டுக்காரி கேட்கவில்லை. எடுத்த கைதான் போடணுமாம். மச்சானிடம் கேட்டால், "மாதா என்ன வட்டியா கேக்கா?" என்கிறார். அவர் தரவேண்டியது அப்படியே நிற்கிறது: எழுநூறு ரூபாய்.